21 கிலோமீற்றருக்கு என்ன வாங்க வேணும்?

கேள்வி: இன்னும் நாலு மாதத்தில் முதல் அரை மரதன். இப்போது கிழமைக்கு இரண்டு நாள் இரணைமடு அணைக்கட்டுப் பக்கம் ஓடுகிறேன். கார்பன் தட்டு வைத்த சப்பாத்து இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும் என்கிறான் நண்பன். வாங்கவா?
- கிளிநொச்சி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தத் தட்டு, வேகமாக ஓடுகிறவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்கச் செய்தது. முழங்காலுக்குக் காவல் இல்லை. விலையோ பல மடங்கு, நுரையும் சீக்கிரம் தளரும். சாதாரண ஓட்டச் சப்பாத்து 500 முதல் 800 கிலோமீற்றர் வரை உழைக்கும். உங்கள் பயிற்சி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பின்னேரம் கடைக்குப் போங்கள், அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடுகிற சொக்ஸையே கொண்டுபோங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேணும். முழங்காலைக் கெடுப்பது, தூரத்தைத் திடீரென்று கூட்டுவது. கிழமைக்கு மூன்று நாள் ஓடுங்கள். ஞாயிறு ஓட்டத்தை மட்டும் மெல்ல மெல்ல நீட்டி 16, 18 கிலோமீற்றருக்குக் கொண்டுவந்தால் போதும். அதற்குக் காசு தேவையில்லை.

கேள்வி: முகநூலில் பார்த்து 'ஜிபிஎஸ் மணிக்கூடு' வாங்கினேன். ஃபோனை வீட்டில் விட்டுவிட்டு ஓடினால் தூரம் தாறுமாறாகக் காட்டுகிறது.
- மல்லாவி வாசகர்

பதில்: மலிவு மணிக்கூடுகள் பலதும் ஃபோனின் ஜிபிஎஸ்ஸைத்தான் கடன் வாங்கும். ஃபோன் இல்லையென்றால் கை ஆடுவதை அடியாக எண்ணித் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். என்னிடமும் ஒன்று கிடக்கிறது. குன்றும் குழியுமான ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் போனால், நன்றாக நடந்தீர்கள் என்று பாராட்டும். ஃபோனையே கொண்டு ஓடுங்கள், இலவசச் செயலி போதும்.

கேள்வி: ரவுணில் ஒரு கடையில் ஓட்டச் சப்பாத்து வாங்கினேன். மூன்றாம் கிழமையே அடி கழன்றுவிட்டது. "ஓடினால் அப்படித்தான், தங்கச்சி" என்கிறார் முதலாளி. துண்டுக் கடதாசியில் விலை மட்டும் எழுதித் தந்தார், கடையின் பெயர் இல்லை. தையல் வேலையில் சேர்த்த காசு.
- புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: ஓடுவதற்கென்று விற்ற சப்பாத்து ஓடினால் கழரும் என்று ஒருவர் வாய் கூசாமல் சொல்கிறார். கோபம் வருகிறது, தங்கச்சி. அந்தத் துண்டை எறிய வேண்டாம். சப்பாத்தையும் பெட்டியையும் படம் எடுங்கள். 1977 என்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம், ஆலோசனைக்கு அழையுங்கள். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள். கச்சேரியில் விசாரித்தால் யாரிடம் கொடுப்பது என்று சொல்வார்கள்.

இனி எல்லோருக்கும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேணும். கேட்டால் என்பதைக் கவனியுங்கள். நாங்கள் கேட்பதில்லை. தெரிந்த கடை, ஒன்றாகப் படித்தவர், கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பாரோ என்று கூச்சம். 'பில் போட்டால் விலை கூடும்' என்று அவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறோம். அவருக்கு அதுதான் வசதி. பொருள் கெட்ட அன்று 'எங்கட கடையில வாங்கினதோ?' என்று கேட்பவரும் அதே ஒன்றாகப் படித்தவர்தான். கடையின் பெயர், திகதி, பொருள், விலை, இந்த நாலும் உள்ள தாளைக் கையில் வாங்கிய பிறகு காசை நீட்டுங்கள்.

கேள்வி: ஓட்டப் போட்டிக்குப் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டேன். அதே நாளில் மச்சாளின் கலியாணம். கட்டணம் திருப்பித் தரப்படாது என்று விதியில் இருக்கிறதாம், நான் வாசிக்கவில்லை. என்ன செய்யலாம்?
- மாங்குளம் வாசகர்

பதில்: கலியாணத்துக்குப் போங்கள்.

கேள்வி: சுவிஸ் மாமா 2017 இல் கொண்டுவந்த விலைகூடிய சப்பாத்து. நல்ல நாளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்தேன். முதல் ஓட்டத்திலேயே அடி உதிர்ந்துவிட்டது. போலியா?
- நெடுங்கேணி வாசகர்

பதில்: போலி என்று சொல்ல முடியாது. அடியில் பொலியூரித்தேன் என்ற நுரை இருந்தால், போடாமல் வைத்தாலும் காற்றின் ஈரமும் வெக்கையும் சேர்ந்து அதை வருடக் கணக்கில் உடைக்கும். மற்ற நுரைகளும் ஒட்டுப் பசையும் இறுகிப்போகும். அதனால்தான் 'புதுசு, போடவேயில்லை' என்று விற்கும் பழைய சப்பாத்தையும் நம்ப வேண்டாம். சப்பாத்து நாக்கின் உட்பக்கச் சீட்டில் பெரும்பாலும் தயாரித்த திகதி இருக்கும். மாமா அடுத்ததைத் தந்தால், அவர் திரும்பிப் போக முதல் போட்டு ஓடிக் காட்டுங்கள்.

கேள்வி: பாதி விலைக்கு ஒரு பெட்டி எனர்ஜி ஜெல் எடுத்தேன். வந்த பிறகு பார்த்தால் திகதி முடிந்திருக்கிறது. குடித்தால் ஏதும் செய்யுமா?
- வவுனியா வாசகர்

பதில்: பாதி விலை ஏன் என்று வாங்குவதற்கு முதல் கேட்டிருக்க வேணும். திகதி முடிந்ததை விற்றது அவர்கள் குற்றம், அதற்கும் 1977 தான். குடிக்க வேண்டாம். ஒரு ஜெல்லில் இருப்பது ஏறக்குறைய 20, 25 கிராம் மாச்சத்து. இரண்டு கதலிப்பழம் அந்த வேலையைச் செய்யும். அதுவும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் நாளில்தான் தேவை. வியர்வை கொட்டும் நாளில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அந்தப் பக்கற்றிலும் திகதி இருக்கும்.