மகனுக்குக் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம், தினமும் காய்ச்சலும் வருகிறது. மெத்தோட்ரெக்ஸேட் மருந்தில் குணம் தெரியவில்லை, பயலாஜிக் ஊசி (நோயைத் தூண்டும் ஒரு பொருளை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் மருந்து) போடச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது, தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடாதீர்கள். உடனே "நீ என்ன டாக்டரா?" என்று நாலு பேர் வருவார்கள். இல்லை. மருந்துக் கம்பெனி ஆளும் இல்லை, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தினமும் காய்ச்சல் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் மூட்டோடு நிற்காமல் உடம்பு முழுவதையும் பிடிக்கும் சிஸ்டமிக் வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். இவளுக்கும் அதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு 103 டிகிரி ஏறும், கூடவே நெஞ்சில் இளஞ்சிவப்பாகத் தடிப்பு. ராத்திரி இரண்டும் இருக்காது. டைபாய்டு, டெங்கு என்று சுற்றி, ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த எலும்பு மஜ்ஜை வரை எடுத்துப் பார்த்தார்கள். நோட்டுப் போட்டுக் காய்ச்சலைக் குறித்து வைப்பதே வீட்டுக்கே வேலையாகிவிட்டது. ஸ்டீராய்டில் முகம் பணியாரம் மாதிரி ஊதியது. வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், மறுநாள் பூராவும் வாந்தி. அப்படியும் காலையில் பல் துலக்க பிரஷைப் பிடிக்க முடியாது.

டாக்டர் டொசிலிசுமாப் என்ற பயலாஜிக் மருந்து போடலாம் என்றார். உடம்பில் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற புரதம் அளவு மீறிப் போவதால்தான் இந்த ஆட்டம். அது போய் ஒட்டும் இடத்தை மருந்து அடைத்துவிடுமாம். ஜப்பானில் 2008லேயே குழந்தைகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள், அமெரிக்காவில் 2011ல். நானோ விலையைக் கேட்டு மிரண்டு, பக்கவிளைவுகளைப் படித்து இன்னும் மிரண்டு, நடுவில் எண்ணெய் வைத்தியமும் பார்த்து, ஐந்து மாதம் ஓட்டினேன். அதற்குள் இடது மணிக்கட்டு இறுகிவிட்டது. இன்றைக்கும் முழுசாக மடங்காது.

மருந்து தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எடை 30 கிலோவுக்குக் கீழே என்பதால் கிலோவுக்கு 12 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு டிரிப்ஸ். இரண்டாவது டிரிப்ஸோடு இவளுக்குக் காய்ச்சல் நின்றது. எல்லாருக்கும் இப்படிக் கேட்கும் என்று நான் சொல்லவில்லை.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் நாங்கள் கோட்டைவிட்டது ஒன்று உண்டு. இந்த மருந்து காய்ச்சலையும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவையும் அமுக்கிவிடும். எட்டாவது மாதம் இருமல் வந்தது. தெர்மாமீட்டரில் 98தான், சிஆர்பியும் நார்மல். நிம்மதியாகக் கடைக்குப் போய்விட்டேன். பார்த்தால் நிமோனியா. பையன் சோர்ந்து படுத்தாலே, காய்ச்சல் இல்லாவிட்டாலும், கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வயிற்றெரிச்சல். டிரிப்ஸ் ஒரு மணி நேரம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவோம். 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று முதல் மூன்று பில்லையும் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை படுத்தே கிடந்திருந்தால் கொடுத்திருப்பார்களாம். நாலாவது பில்லுக்கு டாக்டர் கடிதத்தோடு நேரில் போய் உட்கார்ந்தேன். பாதிதான் வந்தது.