தேயிலை பிஸ்கட்: வாசம் எங்கே போகிறது?

தேயிலை பிஸ்கட் பற்றி வந்த கேள்விகளில் பாதி ஒரே ரகம்: "போட்டேன், வாசமே வரவில்லை." அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

அக்கா, மாவில் இரண்டு மேசைக்கரண்டி தேயிலை கலந்தேன். வாசம் இல்லை, பல்லில் மண் மாதிரி நறநறக்கிறது. தேயிலைக்கு நடுவில் வாழும் எங்களுக்கே வரவில்லையே! (டிக்கோயா)

அங்கேதான் சிக்கல். தேயிலையைத் தண்ணீரில் போட்டே பழகியவர்கள் நாம். கொதிநீர் சாயத்தையும் துவர்ப்பையும் நன்றாக இழுக்கும். மணம் தரும் பொருட்களில் பலவற்றுக்குக் கொழுப்போடுதான் ஒட்டுதல் அதிகம். பிஸ்கட் மாவிலோ தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். அதில் காய்ந்த இலையைத் தூவினால், போன மாதிரியே வெளியே வரும். ஆகவே தேயிலையைப் பட்டரில் ஊற வையுங்கள்.

என் அளவு இது. 140 கிராம் பட்டரை மிகக் குறைந்த தீயில் உருக்கி, 5 கிராம் தேயிலை போட்டு, மூடி, அடுப்பிலிருந்து இறக்கிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பட்டர் பொரியக் கூடாது, பொரிந்தால் தேயிலை கசந்துவிடும். மூடியையும் மறக்காதீர்கள். சமையலறை மணக்கிறது என்றால் அந்த மணம் பிஸ்கட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம். பிறகு மெல்லிய துணியில் வடித்து நன்றாகப் பிழியுங்கள். இலை கொஞ்சம் பட்டரைக் குடித்துவிடும், அதனால்தான் 140. கையில் 125 கிராம் அளவில் மிஞ்சும்.

அந்தப் பட்டர் திரும்ப இறுகி, விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்துக்கு வர வேண்டும். நுவரெலியாப் பக்கம் சன்னலோரம் வைத்தாலே போதும். கண்டி, மாத்தளைக்காரர்கள் ஃபிரிஜ்ஜைத் திறக்க வேண்டியதுதான். இறுகியதும் பொடித்த சீனி 75 கிராம் சேர்த்து வெளுக்கும்வரை அடித்து, ஒரு முட்டை மஞ்சள் கரு, பிறகு 200 கிராம் கோதுமை மா, ஒரு சிட்டிகை உப்பு. மாவோடு இன்னும் 3 கிராம் தேயிலையை மா போல அரைத்து, சலித்துச் சேர்க்கிறேன். இது கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புள்ளிக்கும், நாக்கில் கடைசியில் நிற்கும் சின்னத் துவர்ப்புக்கும்தான். மணம் பட்டர் வேலை.

மாவைப் பிசையாமல் கூட்டிச் சேருங்கள். ஐந்து சென்ரிமீற்றர் தடிமனில் உருளையாக உருட்டி, ஒரு மணி நேரம் குளிரவைத்து, அரை சென்ரிமீற்றருக்குச் சற்றுத் தடிப்பாக வெட்டினால் முப்பது வரும். 170 பாகையில் 13 முதல் 15 நிமிடம். ஓரம் மட்டும் சிவந்தால் எடுத்துவிடுங்கள். சுடச்சுட மெதுவாகத்தான் இருக்கும், ஆறினால் மொறுமொறுக்கும்.

தோட்டத்தில் கொடுக்கும் தூளே போதுமா, கடையில் விலைகூடியது வாங்க வேண்டுமா? (பொகவந்தலாவை)

போதும். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பதெல்லாம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சலிக்கும்போது எந்தச் சல்லடையில் நின்றது என்பதைச் சொல்லும் பெயர்கள். துகளின் பருமன்தான் அதில் தெரியும், தரத்துக்கு மார்க் அல்ல. டஸ்ட் பொடியாக இருப்பதால் அரைக்கும் வேலை மிச்சம். ஆனால் பட்டரில் ஊறவைத்து வடிக்கும்போது துணியைத் தாண்டி வரும், இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

அதைவிட முக்கியம், எந்தப் பருவத்துத் தேயிலை என்பது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வெயிலுமாக இருக்கும்போது எடுக்கும் கொழுந்துக்குத் தனி மணம். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடிக்கும்போதுதான் நல்ல பருவம். அந்த ஊவாத் தேயிலையை முகர்ந்தால் லேசாகத் தைலம் மாதிரி ஒரு குளிர்ச்சி தெரியும். கற்பனை அல்ல, வலித்தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் அதில் இயற்கையாகவே உண்டு. பிஸ்கட்டுக்கு என் வாக்கு ஊவாவுக்குத்தான், பட்டரின் கனத்தை அந்தக் குளிர்ச்சி வெட்டிவிடும். ஹட்டன்காரர்கள் கோபிக்க வேண்டாம், குடிக்க உங்களுடையதைத்தான் வைத்திருக்கிறேன்.

டின்னைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அதில் வாசம் இல்லையென்றால் பிஸ்கட்டிலும் வராது.

கொழும்புச் சித்தி தந்த அளவில் செய்தேன். அவர் வீட்டில் அழகாக வருகிறது, எனக்கு எல்லாம் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. (நுவரெலியா)

சித்தி மேல் தப்பில்லை. நீங்கள் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறீர்கள். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரே 94 பாகை அளவில் கொதித்துவிடும். பேக்கிங் பவுடர் விடும் வாயுவை அமுக்க ஆளில்லாததால் பிஸ்கட் வேகமாக உப்பி, உட்கார்ந்து, பரவிவிடுகிறது. பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறையுங்கள். சீனியில் ஒரு மேசைக்கரண்டி குறைத்து, மாவில் ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். மேலே நான் சொன்ன அளவில் பேக்கிங் பவுடரே இல்லை என்பதால் இந்தத் தொல்லை பெரிதாக வராது.

ஆனாலும் உயரத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். உருகிய பட்டரை இறுகவிடாமல் அவசரப்பட்டுச் சேர்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு திருமண வீட்டுக்கு நூறு பிஸ்கட் ஒப்புக்கொண்டு, நேரமில்லை என்று அப்படிச் செய்து, தட்டு முழுக்க ஒரே பிஸ்கட்டாக எடுத்தவள் நான். உடைத்துப் புடிங்கில் போட்டேன். புடிங் நன்றாக இருந்தது என்றார்கள்.

பட்டரில் ஊறவைக்காமல், கடும் சாயம் (பால் சேர்க்காத தேநீர்) போட்டு மாவில் ஊற்றினால்? (பதுளை)

தண்ணீர் பட்டால் கோதுமை மா இழுவை கொடுக்கும், பிஸ்கட் ரொட்டியாகிவிடும். சாயத்தை வீணாக்க மனமில்லையென்றால், இரண்டு தேக்கரண்டியை ஐசிங் சீனியில் குழைத்து ஆறிய பிஸ்கட் மேல் பூசுங்கள்.

ஓவன் இல்லை. விட்டுவிட வேண்டியதுதானா? (இராகலை)

ஏன் விட வேண்டும்? லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) நாங்கள் பார்த்த முதல் கேக், மேலும் கீழும் தணல் போட்ட சட்டியில் வெந்ததுதான். கனமான சட்டியில் ஒரு விரல் உயரம் உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிஸ்கட் தட்டை வளையத்தின் மேல் வைத்துச் சிறு தீயில் 20 நிமிடம். அடி முந்திச் சிவக்கும், மேல்புறம் வெளிறியே இருக்கும். பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஆறேழுக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? தூக்கம் கெடாதா? (பண்டாரவளை)

கணக்குப் பாருங்கள். கறுப்புத் தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் கஃபீன். 8 கிராமில் சுமார் 240 மில்லிகிராம். முழுவதும் இறங்கினாலும் முப்பது பிஸ்கட்டில் ஒன்றுக்கு 8 மில்லிகிராம். உண்மையில் இன்னும் குறைவு, ஏனென்றால் கஃபீன் தண்ணீரில் கரைவதுபோலப் பட்டரில் கரையாது. பள்ளிவிட்டு வந்ததும் இரண்டு கொடுக்கலாம். படுக்கப் போகும்போது வேண்டாம், அது சீனிக்காகவும்தான்.

மூடுபனி நாளில் ஒரே இரவில் நமுத்துவிடுகிறது. (மஸ்கெலியா)

முழுதாக ஆறிய பிறகே டின்னில் போடுங்கள், ரப்பர் மூடி உள்ள டின்னாக இருக்கட்டும். நமுத்ததை 150 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுக்கும்.

பச்சைத் தேயிலை, ஏலக்காய், இஞ்சி? (வெலிமடை)

ஏலக்காய் நன்று, இரண்டே இரண்டு. இஞ்சி என்றால் சுக்குத்தூள், பச்சை இஞ்சியில் ஈரம். பச்சைத் தேயிலை ஓவன் சூட்டில் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும், எனக்குப் பிடிக்காது.

பட்டரில் ஊறிய சக்கையை என்ன செய்வது? தூக்கிப்போட மனம் வரவில்லை. (லிந்துலை)

செடிக்குப் போடாதீர்கள், எறும்பு வரும். பட்டர் எடுத்தது மணத்தைத்தான். சாயமும் துவர்ப்பும் இலையிலேயே இருக்கின்றன. அதன் மேல் கொதிநீர் ஊற்றி, பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் திபெத்துக்காரர்கள் குடிக்கும் பட்டர் டீக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒன்று கிடைக்கும். பிஸ்கட் ஓவனில் இருக்கும்போது நான் அதைத்தான் குடிப்பேன். வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை.