கோல்ஃப் திடல் வடிவமைப்பு: ஒரு மாலைக்கு ஒரு ஹோல் போதும்

செந்தூல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கோல்ஃப் நண்பர்கள் குழு சார்பில் பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் எடுத்து, கோல்ஃப் திடல் வடிவமைப்பைப் பற்றித் தமிழில் ஒரு பொதுப் பேச்சும் கலந்துரையாடலும் நடத்த இருக்கிறோம், ஐயா. வருபவர்களில் பாதிப் பேர் மட்டையைத் தொட்டதே இல்லை. எதைப் பேசச் சொல்வது? எப்படி நடத்துவது?"

இந்த மாதிரிக் கூட்டங்கள் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். பேச்சாளர் பெரிய படத்தொகுப்போடு வந்துவிடுவார். ஸ்காட்லாந்தில் ஆரம்பித்து, அமெரிக்காவின் அகஸ்டா திடலை ஒரு சுற்றுச் சுற்றி, மலேசியாவுக்கு வந்து சேர்வதற்குள் மணி ஒன்பதரை ஆகிவிடும். பின்வரிசை வெளியே தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும். அதனால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஒரே ஒரு ஹோல் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து பந்து விழ வேண்டிய குழி வரையிலான பகுதி), இருபத்தைந்து நிமிடம், மீதி நேரம் சபைக்கு.

எந்த ஹோல் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ரீடான் என்பேன். ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் திடலில் 15ஆம் ஹோல், பார் 3, அதாவது மூன்று முறை அடித்து முடிக்க வேண்டியது. அதன் கிரீன், அதாவது குழியும் கொடியும் இருக்கும் குட்டைப்புல் தரை, ஆட்டக்காரருக்கு நேராக இல்லாமல் குறுக்காகக் கிடக்கிறது. வலப்பக்க முன்முனையில் தொடங்கி இடப்பக்கப் பின்முனை வரை போகிறது, போகப்போகச் சரிகிறது. இடப்பக்கம் முன்னால் ஓர் ஆழமான பங்கர் (மணல்பள்ளம்). கொடி பின்னால் இடது மூலையில் இருந்தால், பங்கருக்கு மேலாக நேரே அடிக்கலாம். பந்து நிற்காமல் ஓடிவிடும் அபாயம் உண்டு. வலப்பக்கத் தோளில், அதாவது அங்குள்ள மேட்டில், இறக்கிவிட்டால் சரிவே பந்தைக் கொடியிடம் கூட்டிப்போகும். அமெரிக்காவில் திடல் வடிவமைப்பாளர் சி. பி. மெக்டொனால்ட் தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் திடலில் 4ஆம் ஹோலாக இதையே அமைத்தார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க இதற்கு நகல்கள்.

கோல்ஃப் தெரியாதவருக்கும் இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், படம் காட்டாமல் இருந்தால். 3 அடிக்கு 2 அடியில் ஒரு தட்டு, ஈரமாக்கிய மணல், ஒரு கோலி, ஒரு குவளைத் தண்ணீர் போதும். பேச்சாளர் சபையின் கண்முன்னாலேயே கையால் கிரீனைப் பிடிக்கட்டும். பல் குத்தும் குச்சியைக் கொடியாக நட்டு, முன்வரிசைப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, "கோலியை எங்கே விட்டால் கொடிக்குப் போகும்?" என்று கேட்கட்டும். முதல் முறை எல்லோரும் கொடிக்கு நேராகத்தான் விடுவார்கள். கோலி பின்பக்கம் இறங்கிவிடும். பிறகு தோளில் விட்டுப் பார்ப்பார்கள். தட்டுக்கு மேலே ஒரு கைப்பேசியை நிறுத்தித் திரையில் காட்டினால் கடைசி வரிசைக்கும் தெரியும். மணலை மட்டும் முன்கூட்டியே பதம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ந்தால் சரியும், அதிகம் நனைந்தால் கோலி புதையும்.

அந்தப் புதைதலில்தான் நம் ஊர் விவாதமே இருக்கிறது. நார்த் பெர்விக்கில் கடலோர மணல்தரை. பந்து விழுந்து ஓடும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதிலும் பாதி நாள் மத்தியான இடியோடு. கிரீன் வரை போகும் புல்வழியான ஃபேர்வேயில் கவ் கிராஸ் வகைப் புல் இருந்தால் அகன்ற இலை பந்தைப் பிடித்து நிறுத்திவிடும். ஓடாத தரையில் ரீடான் வெறும் வளைந்த கிரீன்தான். வலப்பக்கத் தோள் வீண். நம் திடல்களில் ஆட்டம் வானத்திலேயே நடக்கிறது என்றால் காரணம் ஆட்டக்காரர்களின் ரசனை மட்டும் இல்லை, தரை. "இதே ஹோலை இங்கே கட்ட என்ன செய்வீர்கள்?" என்று பேச்சாளரைக் கேளுங்கள். தோளுக்கு மணல் அடுக்குப் போடுவார்களா, பெர்முடா வகைப் புல்லைக் குட்டையாக வெட்டி வைப்பார்களா, அந்தச் செலவை உறுப்பினர்கள் தாங்குவார்களா? திடல் பராமரிப்பில் இருந்தவர் யாராவது சபையில் இருந்தால் இந்த இடத்தில் ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வடிவமைப்பாளரைவிட அவர் சொல்வதுதான் சுவையாக இருக்கும்.

குவளைத் தண்ணீர் இதற்குத்தான். தட்டில் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஒரே பக்கமாக வடியும் கிரீனில் அந்தப் பக்கம் எப்போதும் சேறு. நல்ல கிரீன் இரண்டு மூன்று திசையில் நீரைப் பிரித்து அனுப்பும். அடியில் நடப்பதையும் சொல்லலாம். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் (யுஎஸ்ஜிஏ) முறையில் மேலே 300 மி.மீ. மணல் கலவை, கீழே 100 மி.மீ. சரளை, அதற்கும் கீழே வடிகுழாய். மணலின் அடிப்பகுதி முழுக்க நனைந்த பிறகுதான் தண்ணீர் சரளைக்குள் இறங்கும். வெயில் நாளில் வேருக்கு ஈரம் மிஞ்சும், அடைமழையிலோ மிச்சம் வடிந்துவிடும்.

வடிவமைப்புச் சிந்தனை வகைகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். தவறினால் தண்டனை என்பது ஒன்று, வழியை நீயே தேர்ந்தெடு என்பது இன்னொன்று, துணிந்தால் பரிசு என்பது மூன்றாவது. ரீடானில் இரண்டாவது தெரிகிறது.

ஒரு கேள்வி வந்தே தீரும். பேச்சாளரை எச்சரித்து வையுங்கள். "வீட்டுக்கு இடமில்லாத ஊரில் சில நூறு பேருக்கு இவ்வளவு நிலமா?" 18 ஹோலுக்குச் சாதாரணமாக 50 ஹெக்டேருக்கு மேல் வேண்டும். ஜாலான் துன் ரசாக்கில் மாட்டிக்கொண்டு ராயல் சிலாங்கூரின் பச்சையைப் பார்ப்பவருக்கு இது தோன்றாமல் இருக்காது. நியாயமான கேள்வி, மழுப்ப விடாதீர்கள். சொல்ல இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, தி மைன்ஸ் திடல் ஹோங் ஃபாட் ஈயச் சுரங்கம் விட்டுப்போன பள்ளத்தை ஒட்டி எழுந்தது. ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்தார். 1999இல் டைகர் வுட்ஸும் மார்க் ஓமியராவும் அங்கே உலகக் கோப்பை வென்றார்கள். இன்னொன்று, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் பொது நிலம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு நடக்கிறார்கள். இங்கே எந்த கிளப் அதற்குச் சம்மதிக்கும் என்று சபையே பேசட்டும்.

நடத்துநராக, தன் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) கதையைத் தொடங்குபவரை மரியாதையாக நிறுத்தத் தெரிந்தவரைப் போடுங்கள். அண்ணன், மாமா என்று எல்லோரும் தெரிந்தவர்களாக இருக்கும் குழுவில் இது லேசான வேலை இல்லை. எந்த உள்ளூர் கிளப்பையும் பெயர் சொல்லித் திட்ட இடம் தராதீர்கள். சுற்றிப் பார்க்க அடுத்த மாதம் அவர்களிடம்தான் அனுமதி கேட்கப் போகிறீர்கள்.

கடைசி இருபது நிமிடத்தைப் பெண்களின் டீக்கு, அதாவது அவர்கள் முதல் அடி அடிக்கும் இடத்துக்கு, வையுங்கள். ரீடானில் முன்னால் ஒரு டீ போடுவது எளிது. ஆனால் அதே கோணம் கிடைக்குமா, தோளைப் பயன்படுத்தும் வழி அவர்களுக்கும் திறந்திருக்குமா? அமெரிக்காவின் டிபிசி சாகிராஸ் திடலின் 17ஆம் ஹோலைத் தீவு கிரீனாக்கலாம் (சுற்றிலும் தண்ணீர்) என்று யோசனை சொன்னது அதன் வடிவமைப்பாளர் பீட் டையின் மனைவி அலிஸ் டைதான் என்பதை இங்கே எடுத்துவிடுங்கள். வாக்குவாதம் சூடுபிடிக்கும். மண்டபத்தைப் பத்தரை வரை எடுத்து வைப்பது நல்லது.