“ஆயில் கலக்கவில்லை” என்று சொல்லி வாரண்டியை மறுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறேன். சேலத்தில் ஒரு கடையில் முதுகில் மாட்டும் பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் வாங்கினேன். விலை 11,500 ரூபாய், வாரண்டி ஆறு மாதம். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டுதான் தந்தார்கள். பணம் ஜிபேயில் அனுப்பினேன். மூன்றாவது வாரமே ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோக ஆரம்பித்தது. சில நேரம் ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் இன்ஜின் தானாக வேகமெடுக்கும். கடையில் பிளக் மாற்றி, கார்புரேட்டரில் ஏதோ திருகிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பிரஷர் வரவில்லை, பம்ப்பில் வாஷர் மாற்றினார்கள். நாலாவது மாதம் மருந்தடித்துக்கொண்டிருந்தபோதே இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது, கயிறே இழுபடவில்லை. “ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது” என்கிறார்கள். அவர்கள் சொன்னபடி லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றித்தான் ஓட்டினேன். பக்கத்துத் தோட்டங்களுக்கும் கூலிக்கு மருந்தடிப்பேன் என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்த இன்ஜினை யாரும் கழற்ற விடாதீர்கள். ஊரில் தெரிந்த மெக்கானிக் “பிஸ்டனைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம். கடைக்காரர் “விட்டுவிட்டுப் போங்கள், கம்பெனிக்கு அனுப்புகிறேன்” என்றால், எழுத்தில் ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கின் முக்கிய சாட்சி அந்த சிலிண்டருக்குள்தான் இருக்கிறது. ஒருமுறை பிரித்துவிட்டால், “வெளியில் கழற்றியிருக்கிறார்கள்” என்ற ஒரே வரியில் எதிர்த்தரப்பு தப்பித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் இன்ஜின் தானாக வேகமெடுத்தது என்று. என்னைப் பொறுத்தவரை கடிதத்திலேயே விலைமதிப்புள்ள வரி அதுதான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் தனியாகப் போவதில்லை, பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. இன்ஜின் தண்டை அடைக்கும் கிராங்க் சீலிலோ, கார்புரேட்டர் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டிலோ காற்று கசிந்தால், காற்று அதிகமாகி எரிபொருள் குறைந்த கலவை உள்ளே போகும். ஆக்சிலேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்தில் (ஐடில்) நிலைக்காது, தானாக வேகமெடுக்கும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சரியாக ஆயில் கலந்திருந்தாலும் இது நடக்கும். கார்புரேட்டர் ஸ்குரூவை மெக்கானிக் தவறாகத் திருகிவிட்டாலும் இதே கதிதான். முதலாவது, பொருளில் உள்ள குறைபாடு. இரண்டாவது, சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. எது என்று நீங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை, புகாரில் இரண்டையும் சொல்லலாம்.

ஆயிலே கலக்காமல் ஓடியிருந்தால், கிராங்க் கேஸுக்குள்ளும் பேரிங்கிலும் எண்ணெய்ப் பசை இல்லாமல் வறண்டு கிடக்கும். அனுபவமுள்ள பொறியாளருக்கு அது பார்த்ததும் பிடிபட்டுவிடும். அதனால்தான் பிரிக்காமல் வைக்கச் சொல்கிறேன். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, இறுக மூடி, தேதி எழுதி, அடுப்படிக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். அதில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டால் பெட்ரோல் பறந்துபோய் எண்ணெய்க் கறை மட்டும் நிற்கும். அதை வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒன்றே வழக்கை ஜெயித்துத் தராது, ஆனால் உங்கள் பேச்சுக்கு ஆதாரமாக நிற்கும்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கசப்பாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பவர் ஸ்பிரேயரில் வரும் எல்லாக் கோளாறும் கம்பெனியின் தவறு ஆகாது. ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்தால் இன்ஜின் இழுக்காது. பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கிலேயே விட்டால் கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் படியும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பவுடர் மருந்தைக் கரைத்து வடிகட்டாமல் ஊற்றினால் சல்லடையும் நாசிலும் அடைபடும். தண்ணீர் தீர்ந்த பிறகும் பம்ப்பை ஓட்டினால் வாஷர் தேயும். பிளக், ஃபில்டர், வாஷர், நாசில், கயிறு எல்லாம் பெரும்பாலும் வாரண்டி அட்டையிலேயே “தேயும் பாகங்கள்” என்று விலக்கப்பட்டிருக்கும். ஆகவே இரண்டாவது மாதம் பிரஷர் வராமல் போனதை உங்கள் புகாரின் அடித்தளமாக வைக்காதீர்கள். அங்கே அவர்கள் எளிதாகப் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவது வாரத்து இன்ஜின் கோளாறையும் நாலாவது மாதத்து ஜாமையும் ஒரே சங்கிலியாகக் காட்டுங்கள். வாரண்டிக்குள் சொன்ன கோளாறு, அவர்கள் கை வைத்தும் தீராமல், வாரண்டிக்குள்ளேயே இன்ஜினைக் கொன்றது. இதுதான் உங்கள் வழக்கு.

கூலிக்கு மருந்தடிப்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்பது வெறும் மிரட்டல். வணிக நோக்கத்துக்காக வாங்குபவரைச் சட்டம் விலக்குகிறது, உண்மை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக, தானே பயன்படுத்த வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)-இன் விளக்கத்திலேயே இருக்கிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிழைப்புக்குத் தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவரும், தானே இயக்க லேத் வாங்கியவரும் நுகர்வோரே. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில், விதை வாங்கிய விவசாயிகளையும் அதே நீதிமன்றம் நுகர்வோராக ஏற்றது. ஐந்தாறு மிஷின் வாங்கி, ஆள் வைத்து வாடகைக்கு விடுபவராக இருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பது நீங்கள்தான் என்பதைப் புகாரில் தவறாமல் எழுதுங்கள்.

பில் தராதது உங்கள் குற்றமல்ல, அவர்களுடையது. பில் தர மறுப்பதை அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஜிபே பதிவு, எஸ்டிமேட் சீட்டு, முத்திரையிட்ட வாரண்டி அட்டை, இன்ஜின் நம்பரின் புகைப்படம் ஆகியவை வாங்கியதை நிரூபிக்கப் போதும். அட்டைப் பெட்டி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி அதில்தான் இருக்கும். அவரையும் இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். சர்வீஸுக்குக் கொடுத்தபோது, கோளாறையும் செய்த வேலையையும் குறிக்கும் ஜாப் கார்டு தந்திருக்கமாட்டார்கள் என்று ஊகிக்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அழிக்காதீர்கள். ஒன்றுமே இல்லையென்றால் இப்போதாவது, “இன்ன தேதியில் இன்ன கோளாறுக்குக் கொண்டுவந்தேன், பிளக் மாற்றினீர்கள்” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். மறுக்காமல் வரும் பதில் உங்களுக்குச் சாதகம்.

அடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தமிழில் நீங்களே எழுதலாம். வாங்கிய தேதி, கோளாறுகள், கடையில் செய்த வேலை, மறுத்த காரணம் எல்லாவற்றையும் சொல்லி, பதினைந்து நாளில் மிஷினை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: “இன்ஜின் பிரிக்கப்படாமல் என்னிடம் உள்ளது, என் முன்னிலையில் சோதிக்கத் தயார்.” இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவையுங்கள். சில நேரம் கம்பெனி அந்த அழைப்பிலேயே இறங்கிவரும்.

பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சேலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் தர்மபுரி மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 2019 சட்டம் தந்த பெரிய சலுகை இது. ஐந்து லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. புகாரோடு ஒரு மனுவும் கொடுங்கள்: சோதித்தால்தான் தெரியும் என்ற குறைபாட்டை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப பிரிவு 38(2)(c) ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. வேளாண் பொறியியல் துறைப் பொறியாளரையோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரியையோ நீங்களே முன்மொழியலாம். சோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாக ஆகலாம், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

என்ன கேட்கலாம்? மிஷின் விலை வட்டியுடன், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு. மருந்தடிக்க முடியாமல் தக்காளியில் பூச்சி விழுந்த நட்டத்தையும் கேட்க ஆசை வரும். வேளாண் அலுவலர் அப்போதே வயலைப் பார்த்து எழுதிய குறிப்பு இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால், அந்த நாட்களில் வாடகைக்கு ஸ்பிரேயர் எடுத்த செலவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிரூபிக்க முடியாத பெரிய தொகை, நிரூபிக்கக்கூடிய சின்னத் தொகையையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடும்.

புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சிக்கலே வராமல் இருக்க அதை மிஷின் வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் மழைக்காலத்து ஈரம் படாத இடத்தில் அந்த ஸ்பிரேயரைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, நோட்டீஸை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். உள்ளே துருப்பிடித்துவிட்டால் பொறியாளராலும் எதையும் படிக்க முடியாது.