கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீர் எப்போது வேண்டும்?
வாசகர் கேள்வி - பதில்

கோடை தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கேமிங் கார்டு கொதிக்கிறது, காற்றுக் குளிர்விப்பை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போகலாமா? அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே. என் அப்பா சென்னை புதுப்பேட்டையில் லாரி ரேடியேட்டர்களுக்குப் பற்றவைப்பு செய்தவர். ரேடியேட்டர் என்றால் என்ன என்பதைக் கணினிக்கு வெகு காலம் முன்பே அவரிடம் கற்றுக்கொண்டேன். இப்போது என் மேசையில் லாரிக்குப் பதிலாகக் கார்டுகள் வருகின்றன.

மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கணினி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு, வாங்கி நான்கு வருடம் ஆகிறது. விளையாடும்போது 84 டிகிரி காட்டுகிறது. விசிறிச் சத்தம் கீழ்வீடு வரை கேட்கிறது. தண்ணீர்க் குளிர்விப்புக்கு மாற்ற 40,000 ரூபாய் ஆகும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா அக்கா?
– கல்லூரி மாணவர், மதுரை

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் தம்பி. பணத்தை எடுத்து வையுங்கள், முதலில் ஒரு கழித்தல் கணக்குப் போடுவோம்.

84 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. அதிலிருந்து அறையின் வெப்பத்தைக் கழிக்க வேண்டும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளத்துக்குக் கீழே, மதுரையில், மே மாத மாலையில் அறை 38 டிகிரி இருப்பது சாதாரணம். 84-இல் 38 போனால் 46. உங்கள் கார்டு அறையைவிட 46 டிகிரி கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். 320 வாட் இழுக்கும் கார்டுக்கு இது மோசமான எண் இல்லை. மார்கழியில் அறை 26 டிகிரி இருக்கும்போது இதே கார்டு இதே விளையாட்டில் 72-ஐ ஒட்டி நிற்கும். அந்த வரிசைக் கார்டுகளுக்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் மேல் எல்லை 93.

காற்றோ தண்ணீரோ, இரண்டுமே கார்டை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் நல்ல வாட்டர் பிளாக்கும், அந்தச் சூட்டைக் காற்றில் விடும் அகலமான ரேடியேட்டரும் போட்டால் அந்த 46, 20 அல்லது 25 ஆகக் குறையலாம். பெரிய குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 46 ஏன் 46 ஆக இருக்கிறது என்று பார்க்காமல் 40,000 ரூபாயைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் அதே விளையாட்டை ஓட்டுங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றம் கார்டில் இல்லை. கேபினட்டுக்குள் காற்று நுழைய வழியில்லை என்று பொருள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டுகள் பார்க்க அழகாக இருக்கின்றன. கார்டு தான் விட்ட சூட்டையே மறுபடி மூச்சிழுத்துக்கொண்டிருக்கும். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் இருந்தால் போதும்.

கதவைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால் கார்டின் உள்ளே பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிப்பின் வெப்பம், ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே மிகச் சூடான புள்ளி), நினைவகத்தின் வெப்பம். ஹாட்ஸ்பாட் சிப்பைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. இடைவெளி இருபத்தைந்தைத் தாண்டினால் சிப்புக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது அல்லது ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. உங்கள் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் இயல்பாகவே சூடு அதிகம் கக்கும். அது 110-ஐத் தொட்டால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிப் 84-இல் அமைதியாக இருக்கும்போதே நினைவகம் 106-இல் தவித்துக்கொண்டிருந்த கார்டுகள் என்னிடம் எத்தனையோ வந்திருக்கின்றன. நினைவகத்திலிருந்து குளிர்விப்பானுக்குச் சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற தெர்மல் பேடுகளை மாற்றினால் அவை சரியாகும். ஒரே எச்சரிக்கை: பழைய பேடின் தடிமனை வெர்னியரால் அளந்து அதே தடிமனில் வாங்க வேண்டும். தடிமன் கூடினால் குளிர்விப்பான் சிப்பின் மேல் உட்காராமல் தூக்கி நிற்கும். "பேட் மாற்றியதும் முன்னைவிடச் சூடாகிறது" என்று கொண்டுவருபவர்களின் கார்டுகளைத் திறந்தால் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன். உத்தரவாதக் காலம் மிச்சம் இருந்தால் கார்டைத் திறப்பதற்கு முன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு பைசா செலவில்லாத வழி. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் மின்வரம்பை, அதாவது கார்டு இழுக்கக்கூடிய வாட்டின் எல்லையை, 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 320 வாட், 256 ஆகிவிடும். அறையைவிடக் கூடுதலாக இருந்த 46 டிகிரியும் ஏறத்தாழ அதே விகிதத்தில் 37 ஆகும். 84 காட்டிய இடத்தில் 75 காட்டும், விசிறியும் அடங்கும். நொடிக்கு நூறு பிரேம், அதாவது நூறு படம், ஓடிய விளையாட்டில் நான் பார்த்தவரை நான்கைந்து பிரேம்தான் போகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நான்கு பிரேமுக்காகத்தான் கார்டு கடைசி 64 வாட்டை எரித்துக்கொண்டிருந்தது.

மின்சாதனத்துக்குள் தண்ணீர் என்றாலே பயமாக இருக்கிறது. காற்றால் குளிரும் கார்டுதானே பாதுகாப்பு?
– இல்லத்தரசி, ஈரோடு (மகனுக்காகக் கேட்கிறார்)

அம்மா, உங்கள் மகனின் காற்றுக் கார்டுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. விசிறிகளுக்கு அடியில் தெரியும் செப்புக் குழல்கள் திடமான கம்பிகள் அல்ல. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி தண்ணீரை மட்டும் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் நூறு டிகிரி வரை காத்திருக்காது. சிப்பின் மிதமான சூட்டிலேயே ஆவியாகும். ஆவி குழலின் மறுமுனைக்கு ஓடித் தகடுகளில் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி துளியாகி, உள்சுவரில் இருக்கும் திரி போன்ற பரப்பின் வழியாகத் திரும்பி வரும். பம்ப் இல்லை, சத்தம் இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1963-இல் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டினார். என்னைக் கேட்டால் கணினிக்குள் இருக்கும் பொருட்களிலேயே மிக அழகானது இந்தக் குழல்தான்.

அந்தச் சில துளி எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று உண்டு. 2022 டிசம்பரில் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் சிலவற்றின் ஹாட்ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டது. ஒரு சிறு தொகுதியில் ஆவியறைக்குள் (இந்தக் குழல் போலவே வேலை செய்யும் தட்டையான பெட்டி) தண்ணீர் போதுமான அளவு இல்லை என்று ஏஎம்டி நிறுவனமே அடுத்த மாதம் ஒப்புக்கொண்டு கார்டுகளை மாற்றிக் கொடுத்தது.

தொழிற்சாலையிலேயே தண்ணீர் வசதியோடு வந்த கார்டுகளும் புதிதல்ல. 2014-இல் வந்த ஆர்9 295எக்ஸ்2 இரண்டு சிப்புகளும் 500 வாட்டும் கொண்டது. 120 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடுதான் விற்றார்கள். மூடி முத்திரையிட்ட இத்தகைய அமைப்புகள் ஒழுகுவது அரிது. ஆனால் பம்ப் தேயும், ரப்பர் குழாய் வழியே தண்ணீர் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையும். காற்றுக் குளிர்விப்பில் தேயும் பாகம் விசிறி மட்டும்தான், அதை மாற்றுவதும் எளிது. மகன் கார்டைப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறார் என்றால் காற்றே நல்லது.

தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸ் கட்டி போட்டால் கார்டு இன்னும் வேகமாக ஓடுமா?
– பத்தாம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி

தயவுசெய்து போடாதே கண்ணா. ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பாய். உங்கள் ஊர்க் கடற்காற்றின் ஈரத்துக்கு, 24, 25 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பொருளும் அப்படி வியர்க்கும். குழாயும் பிளாக்கும் வியர்த்து, அந்தத் துளி கார்டின் மேல் விழும். சாதாரணத் தண்ணீர் அமைப்பில் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும், அதனால் வியர்க்க வழியே இல்லை.

நானே தனித்தனியாகப் பாகங்கள் வாங்கித் தண்ணீர் அமைப்பு செய்யப் போகிறேன். செப்பு பிளாக், விலை குறைந்த அலுமினிய ரேடியேட்டர், வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர். சரியாக வருமா?
– தனியார் நிறுவன ஊழியர், நாகர்கோவில்

சரியாக வராது. இந்தக் கேள்விக்கு என் அப்பா பதில் சொல்லியிருந்தால் கையிலிருந்த பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருப்பார். ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய லாரியின் ரேடியேட்டரைத் திறந்து, உள்ளே படிந்த உப்பை விரலால் சுரண்டி ஓட்டுநரின் உள்ளங்கையில் வைப்பார். வேறு பேச்சு இருக்காது.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். தண்ணீரில் உப்பு இருக்க இருக்க வேகமாகக் கரையும். ஆர்ஓ கேன் தண்ணீர் குடிக்கத் தூயது. உப்பே இல்லாதது அல்ல.

2015-இல் எனக்கே இது நடந்தது. செம்பு என்று சொல்லி விற்ற ஒரு ரேடியேட்டரை நம்பி ஒரு வாடிக்கையாளருக்குப் பொருத்திக் கொடுத்தேன். ஏழாவது மாதம் கார்டு சூடாகிறது என்று திரும்பி வந்தது. பிளாக்கைத் திறந்தால், தலைமுடிப் பருமனில் அறுத்திருக்கும் செப்புக் கால்வாய்கள் முழுவதும் சாம்பல் நிறத்தில் கூழ் போல அடைத்திருந்தது. ரேடியேட்டரின் பெயிண்டைக் கத்தி முனையால் சுரண்டினேன், வெள்ளி நிறம் தெரிந்தது. கார்டு தப்பித்தது. பிளாக், ரேடியேட்டர், பம்ப் மூன்றையும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பொருத்துவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையைச் சுரண்டிப் பார்க்கிறேன்: செம்பு சிவக்கும், பித்தளை மஞ்சளாகத் தெரியும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீரோடு அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் சேர்த்து ஊற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வடித்துவிட்டு மாற்றுங்கள். குழாய் கறுப்பு நிறத்தில் இருந்தால் வெளிச்சம் புகாது, பாசி வளராது.

கார்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. தண்ணீருக்கு மாற்றினால் போகுமா?
– விளையாட்டு ஆர்வலர், யாழ்ப்பாணம்

போகாது. அது மின்சுருள்கள் அதிர்வதால் வரும் ஓசை. விசிறிச் சத்தம் அடங்கியதும் இன்னும் தெளிவாகக் கேட்கும். பிரேம் வேகத்துக்கு வரம்பு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் தணியும்.

வீட்டிலேயே முப்பரிமாண அசைவூட்டம் செய்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு இரவு முழுவதும் ஓடுகிறது. இருப்பது ஒரே ஏசி அறை, குழந்தையும் அங்கேதான் தூங்குகிறாள். கார்டு 78 டிகிரியில்தான் இருக்கிறது, ஆனால் அறை குளிரவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் உதவுமா அக்கா?
– அசைவூட்டக் கலைஞர், சென்னை

வந்த கடிதங்களில் தண்ணீர் உண்மையிலேயே தேவைப்படுவது உங்களுக்குத்தான். ஆனால் கடைகளில் விற்கும் விதத்தில் அல்ல.

உங்கள் கார்டு 575 வாட் வரை இழுக்கும். அதில் ஏறத்தாழ அத்தனையும் சூடாகவே வெளியே வருகிறது. இஸ்திரிப் பெட்டியைப் பாதிச் சூட்டில் வைத்து விடிய விடிய அறையில் விட்டதற்குச் சமம். ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடு 3,500 வாட். அதில் ஆறில் ஒரு பங்கைக் கார்டே தின்றுவிடுகிறது. கேபினட்டின் மேல் ரேடியேட்டரைப் பொருத்தினால் கார்டு 55 டிகிரிக்கு வரும், சத்தமும் குறையும். அறைக்குள் வரும் 575 வாட் அப்படியேதான் இருக்கும், குழந்தைக்கு வேர்ப்பது நிற்காது.

ரேடியேட்டரை அறைக்கு வெளியே வையுங்கள். காற்றால் செய்ய முடியாததைத் தண்ணீர் செய்வது இங்கேதான். 600 வாட் சூட்டை நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆறு டிகிரிகூட உயராமல் சுமந்துகொண்டு போகும், அதுவும் விரல் பருமனுள்ள குழாயில். இதே சூட்டைக் காற்றில் பத்து டிகிரி உயர்வோடு அனுப்ப நொடிக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். அதற்குச் சுவரில் பெரிய துளையே போட வேண்டியிருக்கும். வெளியே 34 டிகிரி இருந்தாலும் தண்ணீர் 45-ஐ ஒட்டி நிற்கும், கார்டு 65-க்குள் அடங்கும். தண்ணீர் அறையைவிடச் சூடாக இருப்பதால் வியர்க்கும் பயமும் இல்லை.

வடக்குச் சுவர் அல்லது வெயில் படாத பால்கனியைத் தேர்ந்தெடுங்கள். 360 மில்லிமீட்டருக்குக் குறையாத, தடித்த செப்பு ரேடியேட்டர் வேண்டும். மழை படாத மறைப்பும், உப்புக்காற்றில் துருப்பிடிக்காத திருகுகளும் அவசியம். வெளியே போகும் குழாய்க்கு உறை போடுங்கள், வெயிலில் ரப்பர் வெடித்துவிடும். முழு அமைப்பையும் கணினியில் இணைப்பதற்கு முன் தரையில் வைத்து, இணைப்புகளுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, பம்பை மட்டும் ஒரு நாள் முழுவதும் ஓட்டுங்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் கார்டின் அருகே கொண்டுபோக வேண்டாம். பிளாக் மாட்டக் கார்டைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும், அதை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

மேசையிலிருந்து பால்கனி வரை எத்தனை அடி, ரேடியேட்டர் மேசையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அளந்து எழுதுங்கள். அதற்குத் தகுந்த பம்பைச் சொல்கிறேன். அதுவரை மின்வரம்பை 75 சதவீதத்தில் வைத்து ஓட்டுங்கள். வேலை முடியக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், குழந்தை இன்று இரவே நிம்மதியாகத் தூங்குவாள்.