ஹட்டனிலிருந்து கொழும்புக்குச் செல்பவர்கள் காலிமுகத்திடலில் எவற்றைப் பார்க்கலாம்?

ஹட்டனிலிருந்து குடும்பத்துடன் செல்லவிருக்கும் நீங்கள், காலிமுகத்திடலின் வரலாற்றையும் அங்கு பார்க்கத்தக்கவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கினால் முச்சக்கரவண்டியில் விரைவில் சென்றடையலாம்.

ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைப் பீரங்கிகள் தடையின்றிக் குறிபார்ப்பதற்காக வெறுமையாக விடப்பட்ட இவ்வெளிக்கு, ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதையே இன்றைய உருவத்தைத் தந்தது. தெற்கு முனையில் 1864இல் தொடங்கப்பட்ட காலிமுக ஹோட்டல் உள்ளது. ஆனால் மலையகத்தவர் சற்று நின்று பார்க்க வேண்டியது, என் கருத்தில், வடக்கு முனையிலுள்ள தூண்கள் நிறைந்த பழைய பாராளுமன்றக் கட்டடத்தைத்தான் (இப்போது ஜனாதிபதி செயலகம்). 1930இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்திலேயே, நம் முன்னோரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2018 ஒக்டோபர் 24 அன்று, தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபாய் நாட்சம்பளம் கோரி மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டதும் இதே திடலில்தான்.

வெயில் தாழ்ந்தபின் செல்லுங்கள். பட்டம் விடுவோரையும், சுடச்சுட இறால் வடை விற்கும் வண்டிகளையும் அப்போதுதான் காணலாம். அலை முரடானது என்பதால் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடாதீர்கள்.