அம்மாவைக் கடைசல் கூட்டத்துக்கு ‘அனுப்பலாமா’ என்று கேட்டவருக்கு

கேள்வி: காரைக்குடிப் பக்கம் மரக்கடைசல் பழகுகிறவர்கள் மாதாமாதம் கூடுகிறார்களாமே, அங்கே என்ன செய்வார்கள்? ரிட்டயர் ஆன அம்மாவுக்குப் பொழுது போகவில்லை. அனுப்பலாமா? பாதுகாப்பானதுதானா?

அனுப்பலாமா என்றால்? அம்மா என்ன பார்சலா?

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பீர்கள். ராத்திரி எட்டரைக்குப் போன் போட்டு “சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்று கேட்டுவிட்டு வைப்பீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் மகனும் அப்படித்தான். நான் கடைசல் பழகப் போகிறேன் என்றதும் “நல்ல டைம் பாஸ்மா” என்றான். 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து, நாற்பது நோட்டைத் திருத்திவிட்டு உலை வைத்தவளுக்கு டைம் பாஸாம். அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கூட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, கோட்டையூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில். சங்கம் என்று பேர்தான், பலகை கிடையாது, தலைவர் பொருளாளர் கிடையாது. பதினாலு பேர் வருவோம். ஒரு பல் டாக்டர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், பேனாவைத் தவிர வேறெதுவும் கடைய மாட்டேன் என்று நிற்கும் கண்டனூர்ப் பையன், ஒரு பாலிடெக்னிக் மாணவி. பெண்கள் என்றால் அவளும் நானும்தான். மூன்று லேத் இருக்கிறது. லேத் என்றால் மரக்கட்டையை மாட்டிச் சுழற்றுகிற மெஷின், சுழலும்போது உளி வைத்துச் செதுக்குவதுதான் கடைசல். ஒன்று நன்றாக ஓடும், ஒன்று ஓடும், மூன்றாவது சத்தம் போடும்.

ஒன்பதரைக்கு டீ. முறை வைத்து ஆளுக்கொரு மாதம் பலகாரம். அப்புறம் நீள மேஜையில் அவரவர் அந்த மாதம் கடைந்ததை வைக்க வேண்டும். விரிசல் விட்டது, அடி பொத்துப்போனது எல்லாம் வரலாம். சொல்லப்போனால் அதைத்தான் எல்லோரும் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். பல் டாக்டர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது அங்கே ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தவர். அந்த நாட்டில் 1986-இலேயே கடைசல்காரர்களுக்குச் சங்கம் ஆரம்பித்து, ஊருக்கு ஊர் கிளை இருக்கிறதாம். மேஜை வழக்கம் அங்கிருந்து அவர் கொண்டுவந்தது. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் நாங்கள் சேர்த்தது.

மேஜைக்கு அப்புறம் யாராவது ஒருவர் ஒன்றரை மணி நேரம் கடைந்து காட்டுவார். அடுத்தது உளிக்குச் சாணை பிடிப்பது. நாளின் பாதி இதிலேயே போகும். புதிதாக வருகிறவர்களுக்கு அலுப்புத் தட்டுகிற வேலை இது, ஆனால் மழுங்கின உளிதான் ஆளை அடிக்கும். கடைசியில் மரத்துக்குச் சீட்டுக் குலுக்கல். யார் வீட்டிலாவது வாகையோ பூவரசோ சாய்ந்திருக்கும், துண்டு போட்டுக் கொண்டுவருவார்கள். வேலிக்கருவைக்கு, அதுதான் சீமைக்கருவேலத்துக்கு, மட்டும் சீட்டு கிடையாது, வேண்டுமட்டும் அள்ளிக்கொண்டு போகலாம். கரி மூட்டத்துக்குப் போகிற மரம் என்று நம் ஊரில் அதற்கு ஒரு இளக்காரம். கடைந்து பாருங்கள், காயும்போது அதிகம் சுருங்காது, கோணாது, எண்ணெய் பூசினால் தேக்குக்காரன் திரும்பிப் பார்ப்பான். அதற்காக அந்த மரத்தை வளர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெட்டுகிறோம், வெட்டினதைக் கடைகிறோம், அவ்வளவுதான்.

பாதுகாப்பானதா என்று கேட்டீர்கள். மூடி மறைக்காமல் சொல்கிறேன்.

நான் போக ஆரம்பித்து நாலாவது மாதம். வாகைத் துண்டு ஒன்று, 25 சென்டிமீட்டர் அகலம், பச்சை மரம், ஒரு பக்கம் கனம். அதற்கு முன்னால் அதே லேத்தில் கண்டனூர்ப் பையன் பேனா கடைந்துகொண்டிருந்தான். பேனா விரல் தண்டி, அதை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் விடலாம். அவன் வேகத்தைக் குறைக்காமல் போய்விட்டான். நான் பார்க்காமல் ஸ்விட்சைப் போட்டேன். உளி வைக்கவே இல்லை. லேத் மேஜையோடு குதித்தது, ‘டம்’ என்று ஒரு சத்தம், கட்டை போய்த் தகரத்தில் அடித்து, தகரம் உள்வாங்கிவிட்டது. என் முகக் கவசத்தின் ஓரத்தில் ஒரு கீறல். அந்தக் கவசத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், பழக்கதோஷம். 25 சென்டிமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 118 கிலோமீட்டரில் போயிருக்கிறது. பைபாஸில் போகிற காரின் வேகம், என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. அந்த அளவுக் கட்டைக்கு 600, 700 சுற்றில் ஆரம்பித்திருக்க வேண்டும். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் வர வேண்டும் என்று கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்தாங்கிளாஸ்கூட வேண்டாம், அஞ்சாங்கிளாஸ் பெருக்கல். டீச்சர் கோட்டைவிட்டாள்.

அன்றைக்குக் கூட்டத்துக்கு ஒரு ஆசாரியார் வந்திருந்தார். கட்டில் கால், தொட்டில் கட்டை, மாடிப்படிக் கைப்பிடிக்கு நிற்கிற கடைசல் கால் என்று ஐம்பது வருடமாகக் கடைகிறவர். சின்ன வயதில் அவர் அப்பாவுக்குக் கயிறு இழுத்தவர். அப்போது மோட்டார் இல்லை. ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிப்பார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று “டீச்சர், தண்ணி குடிங்க” என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் போய்க் கட்டையைப் பொறுக்கிவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஸ்விட்ச்சுப் போடுறதுக்கு முந்தி கையால ஒரு சுத்து சுத்திப் பாத்தீகளா டீச்சரம்மா?”

பார்க்கவில்லை. இன்றுவரை அதற்கப்புறம் ஒரு நாள்கூடச் சுற்றாமல் ஸ்விட்சில் கை வைத்ததில்லை.

இப்போது எனக்குப் பெருமையான ஒரு விஷயம். தற்பெருமை என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஆசாரியாரை அதற்கு முன்னால் ஒரு தடவை சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு, சால்வை போட்டு, போட்டோ எடுத்து, “கொஞ்சம் கடைஞ்சு காட்டுங்க” என்று மூன்று மணி நேரம் வேலை வாங்கியிருக்கிறோம். நானும் கைதட்டினவள்தான். இந்த வாகைக் கட்டை பறந்த நாளில் சாப்பாட்டு நேரத்தில் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், “போன வாட்டி போட்ட சால்வை பீரோவுல மடிச்சபடியே கெடக்கும்மா. அன்னைக்கு வேலை போச்சு.” எனக்குத் துவையல் தொண்டையில் நின்றது. பணியாரத்துக்கும் உப்புத்தாளுக்கும் காசு பிரிக்கத் தெரிந்த எங்களுக்கு அவருக்குக் கூலி தர வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள். அடுத்த மாதம் நான் மேஜையில் எதுவும் வைக்கவில்லை, இதைத்தான் வைத்தேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், “கலைக்கு விலையா” என்றார் ஒருவர். கலைக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு என்றேன். இப்போது அவர் வருகிற நாளெல்லாம் முழு நாள் கூலி, முதலில் அவருக்கு டீ. திட்டவும் அவருக்கு முழு உரிமை.

அரக்கு ஏற்றுவதை அவர் காட்டியதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சுழல்கிற மரத்தில் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்துகிறார். அடுப்பு இல்லை, தீ இல்லை. உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பிடிக்கிறது. முதலில் திட்டுத் திட்டாக, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். அப்புறம் தாழை மடலை மடித்து அதன்மேல் வைத்து அழுத்தி நகர்த்தினார். திட்டெல்லாம் ஓடி ஒன்றாகி, மரம் ஈரமான மாதிரி பளபளத்தது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மையும் ஆந்திராவின் ஏட்டிகொப்பாகாப் பொம்மையும் இதே வழிதான், மரமும் நம் ஊர் வெட்பாலைதான். என் அம்மா வீட்டில் உப்புப் போட்டு வைத்த மரவை ஒன்று இருக்கிறது. உள்ளே விரலை விட்டால் கடைசல் கோடு வட்ட வட்டமாகத் தட்டும். அறுபது வருடம் அதில் உப்பு எடுத்திருக்கிறேன், அது உளி போன தடம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்று, இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உப்புத்தாள் போட்டுப் போட்டு என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டும் அல்லவா? விரலை வைத்தால் மெஷின் ‘இல்லை’ என்கிறது. பத்து விரலையும் வைத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அங்கே இருந்த பையன் திரையைப் பார்த்தபடி, “மேடம், நீங்க இருக்கிற மாதிரி காட்டலையே” என்றான். எதிரே நிற்கிறேன்! எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள் என்றான். மூன்று நடை. கடைசியில் முகத்தைப் படம் பிடித்தால் போதும் என்று இன்னொரு அம்மா சொல்லி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த வழி முதல் நாளே இருந்ததுதானே? கேட்டால், “நீங்க கேக்கலையே மேடம்” என்கிறான். என் கிளாஸில் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். சரி, விடுங்கள்.

உங்கள் அம்மா வருவதாக இருந்தால்: சேலை கூடாது. முந்தானை ஒரு சுற்று மாட்டினால் போதும், ஆளையே இழுத்துவிடும். துப்பட்டாவும் கூடாது. நான் சுடிதார் மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டு, கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவேன். கொண்டை இறுக்கமாக இருக்க வேண்டும். வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் டப்பாவுக்குள். என் தாலிச் சங்கிலியும்தான். அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ஆச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் கீழே வந்து ஏதாவது எழுதுவீர்கள், எழுதுங்கள். என் வீட்டுக்காரர்தான் அந்த டப்பாவைக் கையில் எடுத்துத் தருகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பாவைக் கடைந்தது நான், எடுத்துத் தருவது அவர். கருவை மரம், மூடி இறுக்கமாக உட்காரும், திறக்கும்போது ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் வரும்.

காலுக்கு ஷூ. தூசிக்கு மூக்குக் கவசம் கட்டாயம், கருவைத் தூசி சிலருக்குத் தும்மலை நிறுத்தாது. ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். முதல் மூன்று மாதம் லேத் பக்கம் தனியாக விட மாட்டோம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒன்றுமே தெரியாதவர்கள் பம்பரத்தில் ஆரம்பிப்பார்கள். சின்னது, பத்து நிமிட வேலை, சுற்றுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். போன மாதம் கொட்டகைக்கு வந்த பிள்ளைகளுக்கு முப்பது பம்பரம் கொடுத்தோம். ஒரு பிள்ளைக்குக்கூடச் சாட்டை சுற்றத் தெரியவில்லை. கப்பல் பட்டறை அண்ணன் 66 வயதில் தரையில் குந்தி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டது.

மற்றபடி, அம்மாவுக்கு இதில் இஷ்டம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அது மட்டும் இல்லை. இந்த மாதம் பணியாரம் என் முறை. வருவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது, அரிசி ஊறப்போட வேண்டும்.